வீட்டு மின்சுற்றில் மின்னோட்டம், வோல்ற்றளவு, தடை

களுபோவிலையில் ஒரு வீட்டின் மின்மானிக்கு வந்து சேரும் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். இலங்கை முழுவதற்கும் இதுவே நியமம். இதிலிருந்து 6 சதவீதம் கூடவோ குறையவோ விதிகள் இடம் தருகின்றன. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ற்று வரை. இந்த எண்ணை வீட்டுக்காரர் மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது தடை ஒன்றுதான். எந்தச் சாதனத்தைச் சொருகுவது, எந்தத் தடிப்பில் வயர் இழுப்பது, இணைப்பை எவ்வளவு இறுக்குவது என்பதெல்லாம் தடையைப் பற்றிய தீர்மானங்களே. அவற்றைப் பொறுத்தே மின்னோட்டம் அமைகிறது.

ஒரு கம்பியின் குறுக்கே ஒரு செக்கனில் எவ்வளவு மின்னேற்றம் கடக்கிறது என்பதே மின்னோட்டம். அதன் அலகு அம்பியர். அந்த ஓட்டத்தை உண்டாக்கும் அழுத்த வித்தியாசம் வோல்ற்றிலும், அதை எதிர்க்கும் தடை ஓமிலும் அளக்கப்படும். ஜேர்மனியரான ஜியோர்க் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இம்மூன்றையும் இணைக்கிறது: வோல்ற்றளவைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வாற்றில் வலு கிடைக்கும்.

2000 வாற்று மின்கேத்தல் ஒன்று 8.7 அம்பியர் எடுக்கும். அதன் சுருளின் தடை ஏறத்தாழ 26 ஓம். 1000 வாற்று அயனின் தடை 53 ஓம், 700 வாற்று ரைஸ் குக்கரினது 76 ஓம். வலு கூடிய சாதனத்துக்குத் தடை குறைவு என்பது பலரை வியக்கவைக்கும் உண்மை. இம்மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகினால் அவை சமாந்தரமாக இணைகின்றன. மொத்தத் தடை 14 ஓமாக, அதாவது மூன்றில் மிகச் சிறியதைவிடவும் கீழே, இறங்குகிறது. மின்னோட்டமோ 16 அம்பியரைத் தாண்டுகிறது. 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கினுள் உருகி உண்டு; ஆனால் இந்த அளவு மிகைக்கு அது உடனே எரியாமற் போகலாம். பழைய 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டைப் பின் பிளக்குகளுக்குள் பொதுவாக உருகி கிடையாது. அங்கே சூட்டைத் தாங்குவது வயர்தான். மூன்று வகைகளும் கலந்து கிடந்த நாட்டில் 13 அம்பியர் வகையையே தேசிய நியமமாக்கும் முடிவு 2016இல் எடுக்கப்பட்டது. ஆயினும் பழைய வீடுகளின் சுவர்களில் உருண்டைத் துளைகள் இன்னும் இருக்கின்றன.

வயருக்கும் தடை உண்டு. வன்பொருட் கடைகளில் 7/0.67 என்று கேட்டு வாங்கும் வயரில், 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள செப்பு இழைகள் ஏழு இருக்கும். குறுக்குப் பரப்பு 2.5 சதுர மில்லிமீற்றர். மெயின் சுவிட்சிலிருந்து 20 மீற்றர் தொலைவிலுள்ள சமையலறைக்கு, போகவும் வரவும் 40 மீற்றர் செம்பு தேவை. அதன் தடை 0.3 ஓம். கேத்தல் கொதிக்கும்போது இவ்வழியில் இழக்கப்படுவது 2.6 வோல்ற்று மட்டுமே. பணத்தை மிச்சம் பிடிக்க, விளக்குகளுக்கு உரிய 1/1.13 வயரை அங்கே இழுத்தால் இழப்பு 6 வோல்ற்றைக் கடக்கும். 55 வாற்று வெப்பம் சுவருக்குள்ளேயே வெளிப்படும். இந்தச் சிக்கனம் கூடாது.

இதைவிடக் கெட்டது தளர்ந்த இணைப்பு. வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரைகளை அண்டிய வீடுகளில் உப்புக்காற்று பித்தளைப் பின்களையும் திருகாணிகளையும் அரிக்கிறது. அரிப்பு ஏறிய ஒரு தொடுகையில் அரை ஓம் தடை சேர்ந்தாலே, 8.7 அம்பியர் பாயும்போது 38 வாற்று வெப்பம் அந்த ஒரு புள்ளியில் குவியும். ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் ஒன்றின் சூடு அது. பிளக் கறுப்பதும் பிளாஸ்டிக் இளகுவதும் இதனால்தான். பிரேக்கர் இதைக் கண்டுகொள்ளாது. ஏனெனில் மின்னோட்டம் கூடவில்லை, சற்றுக் குறைந்தே இருக்கும்.

ஓமின் விதி எல்லாச் சாதனங்களுக்கும் நேராகப் பொருந்துவதில்லை. பழைய 60 வாற்று இழைக் குமிழின் தடை எரியும்போது 880 ஓம். குளிர்ந்திருக்கையில் அதில் பத்திலொன்று அளவே இருக்கும். ஆகவேதான் அது பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில் கருகும். வோல்ற்றளவு குறைந்தால் கேத்தல் மெதுவாகக் கொதிக்கும், அவ்வளவே. சாதாரண மோட்டார் உள்ள குளிர்சாதனப் பெட்டியோ அதே சுமையை இழுக்கக் கூடுதல் மின்னோட்டத்தை எடுத்துச் சூடாகும்.

மின்காப்பு என்பதும் மிகப் பெரிய தடைதான். அதை ஓர் உடல் குறுக்கிட்டால் என்ன ஆகும் என்பதை 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடே கண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் தொடுகையுற்றதே நாடளாவிய மின்தடைக்குக் காரணம் என மின்சக்தி அமைச்சர் கூறினார். ஒரு பழுது தீவு முழுவதையும் இருளாக்கியதற்கு, அன்று தேவை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்ததும் ஒரு காரணம்.

மனித உடலின் தடை, தோல் நனைந்திருக்கும்போது, ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 வோல்ற்றில் அது 230 மில்லி அம்பியர். சில பத்து மில்லி அம்பியரே தசைகளை இறுக்கி, பிடித்த கையை விட முடியாமற் செய்யும்; அதற்கு மேல் மூச்சும் இதயமும் நிற்கக்கூடும். இத்தகைய மின்னோட்டம் 30 அம்பியர் பிரேக்கருக்கு ஒரு பொருட்டே அல்ல.

இலங்கை வீடுகள் பெரும்பாலும் தமக்கென நிலத்தில் அடித்த ஏர்த் கம்பியை நம்பியிருக்கின்றன. கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 20 ஓம் தடை இருந்தால், சாதனத்தின் உலோக உடலில் மின் கசியும்போது பாய்வது 11.5 அம்பியர். பிரேக்கர் விழாது, உலோகத்தில் மின்சாரம் நீடிக்கும். வரண்ட மண்ணில் தடை இன்னும் கூடும். எனவே இந்த ஏற்பாட்டில் உயிரைக் காப்பது ட்ரிப் சுவிட்ச்தான். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தவுடன், ஒரு செக்கனின் சிறு பகுதிக்குள், அது சுற்றைத் துண்டிக்கும். இரண்டு வயர்களையும் ஒருவர் ஒருங்கே தொட்டு, அவருடலூடாகவே மின்னோட்டம் திரும்பினால் மட்டும் அதற்குத் தெரியாது. அதன் பொறிமுறை நாட்படச் சிக்கிக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே ஒரு வயர்மேனை அழையுங்கள்.