பேடியா (திரைப்படம், 2022)

பேடியா, ஓநாயாக உருமாறும் மனிதனைப் பற்றிய இந்தித் திகில் நகைச்சுவைப் படம். நிரேன் பட் எழுத, அமர் கௌசிக் இயக்கினார். தினேஷ் விஜன் தயாரித்தார். 2022 நவம்பர் 25 அன்று வெளியானது. வருண் தவான், கிருத்தி சனோன், அபிஷேக் பானர்ஜி, தீபக் டோப்ரியால் ஆகியோருடன் அருணாசலப் பிரதேச நடிகர் பாலின் கபாக்கும் நடித்தார். கதை நிகழ்வதும் அந்த மாநிலத்துச் சீரோ பள்ளத்தாக்கில்தான். படப்பிடிப்பும் அங்கே நடந்தது.

காட்டை ஊடறுத்து வீதி போடும் ஒப்பந்தத்துடன் டெல்லியிலிருந்து வருகிறான் பாஸ்கர். நிலத்தை விட்டுக்கொடுக்க ஊரார் தயங்குகிறார்கள். ஓர் இரவு ஓநாய் அவனைக் கடிக்கிறது, அதுவும் பின்புறத்தில். வெளியே சொல்லவும் முடியாமல் வலியைத் தாங்கவும் முடியாமல் தவிப்பவனைக் கூட்டாளிகள் மிருக வைத்தியர் அனிகாவிடம் கொண்டுபோகிறார்கள். பாஸ்கரின் மோப்பமும் செவியும் கூர்மையாகின்றன. பௌர்ணமி இரவில் உடல் மாறுகிறது. பலியாகிறவர்கள் வீதித் திட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பது பிறகுதான் புலப்படுகிறது. காட்டைக் காக்க உருமாறி வரும் 'யாபும்' பற்றிய உள்ளூர் நம்பிக்கையில் கதையை ஊன்றியதே படத்தின் பலம். வடகிழக்கு இந்தியரை அந்நியராகப் பார்க்கும் பழக்கத்தையும் ஜோமின் என்ற பாத்திரத்தின் வாயிலாகப் படம் சாடுகிறது. கழிவறைப் பகிடிகளை மட்டும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

இவ்வகைப் படத்தின் தரம் பயமும் சிரிப்பும் எந்த இடத்தில் கலக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஜோன் லாண்டிஸின் 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) படத்தில் ஓநாய் கடித்துச் செத்த நண்பன் அழுகிய உடம்போடு திரும்பி வந்து, சாவகாசமாக உட்கார்ந்து கதை பேசுவான். உருமாற்றமோ இருட்டில் ஒளிக்கப்படாமல் வெளிச்சமான அறையில், எலும்பு நீள நீளக் காட்டப்படும். அந்த ஒப்பனைக்காக ரிக் பேக்கருக்கு ஒஸ்கார் கிடைத்தது. அந்தப் படத்தின் கருவைத் தழுவி மகேஷ் பட் எடுத்த 'ஜுனூன்' (1992), ஓநாயைப் புலியாக்கியது, சிரிப்பைக் கைவிட்டது. பேடியா சிரிப்பை மீட்டது, ஆனால் வேறு வழியில்: பாஸ்கர் வலியில் துடிக்கையில் பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகள் இருவர் செய்வதறியாது உளறுவார்கள். பயமும் சிரிப்பும் ஒரே காட்சியில் இருந்தாலும் அவற்றைச் சுமப்பவர்கள் வேறு வேறு ஆட்கள்.

இலங்கையின் சபரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்குப் பேடியாவின் கதையை அப்படியே கொண்டுவர முடியாது. இலங்கையில் ஓநாயே இல்லை. நரியும் சிறுத்தையும்தான் உண்டு. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகும் செய்தி மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிக்கடி வருகிறது. மிருகத் தலையோடு மனிதரைப் பிடிக்கும் உருவம் என்றால் இத்தீவில் முதலில் நினைவுக்கு வருவது சிங்கள மரபின் மகாசோனா. துட்டகைமுனு மன்னனின் பத்து வீரர்களில் ஒருவனான கோட்டயிம்பரனோடு மோதித் தலையிழந்த ஜயசேனனின் உடலில் கரடித் தலை பொருத்தப்பட்டது என்கிறது கதை. மயானம் அவன் இருப்பிடம். முதுகில் அறைந்து நோயைத் தருவான்.

அவனை விரட்டும் தொவில் சடங்கு, சபரகமுவைக்குத் தெற்கே உள்ள கீழ்நாட்டுப் பகுதியில் பேர்போனது. தோட்ட லயங்களில் வாழ்பவர்களும் பேயோட்டும் கட்டாடியைத் தேடிப் போவதுண்டு. சடங்கு அந்தியில் தொடங்கி விடியும்வரை நடக்கும். நடுச்சாமத்தில் தீப்பந்தமும் மேளமுமாகப் பேய் ஆடும். பின்னிரவில் முகமூடி போட்ட பேய்கள் வந்து மேளகாரரோடு வாய்ச்சண்டை போட்டு, கொச்சையாகப் பேசி, மடையர்களாகிப் போகும். நோயாளியும் சேர்ந்து சிரிப்பது குணமாவதன் அறிகுறி. மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர் 1983இல் வெளியிட்ட நூலில் இந்த நகைச்சுவையைச் சிகிச்சையின் மையமாகவே விளக்கினார். பயத்தை முழுதாக ஆடி முடித்த பிறகே தொவிலில் சிரிப்புக்கு இடம். பேடியா அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை.

இலங்கைத் திரையில் பேயும் பகிடியும் சேர்ந்ததற்குத் தமிழ்ப் படமும் ஒரு காரணம். ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) சிங்களத்தில் 'மாயா' (2016) என்று மறுபடி எடுக்கப்பட்டது. டொனால்ட் ஜயந்த இயக்கினார்.

பேடியா, 'ஸ்திரீ' (2018) படத்தில் தொடங்கிய தொடர் உலகைச் சேர்ந்தது. அபிஷேக் பானர்ஜியின் ஜனா பாத்திரம் அந்தப் படத்திலிருந்தே வருகிறது. 2024 ஆகஸ்டில் வெளியான 'ஸ்திரீ 2' படத்தில் வருண் தவானின் ஓநாய் மனிதன் மீண்டும் தோன்றினான்.