கையொப்பம் பெறாத மசோதா

மாணவர்களே! பாராளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய உடனே ஒரு மசோதா சட்டமாகிவிடுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிட்டும்வரை அது வெறும் மசோதாவே.

அரசியல் சட்டத்தின் 111ஆம் விதி அவருக்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது. அவர் ஒப்புதல் அளிக்கலாம், அளிக்க மறுக்கலாம், பண மசோதா அல்லாதவற்றை மறு ஆலோசனைக்குத் திருப்பி அனுப்பலாம். திருப்பப்பட்டதை அவைகள் திருத்தியோ திருத்தாமலோ மீண்டும் நிறைவேற்றினால், பின்னர் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்க இயலாது. ஆனால் முதன்முறை முடிவு செய்ய இத்தனை நாள் என்ற வரையறை அவ்விதியில் இல்லை. அமெரிக்காவிலோ, காங்கிரஸ் கூடியிருக்கும் காலத்தில், ஞாயிறு நீங்கலாகப் பத்து நாட்களுக்குள் அதிபர் திருப்பாவிடில் மசோதா தானே சட்டமாகிவிடும்.

இவ்வேறுபாட்டின் பயன் 1986இல் விளங்கிற்று. தபால்களை இடைமறிக்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அளித்த அதிகாரத்தை விரிவாக்கும் மசோதா ஒன்றை இரு அவைகளும் நிறைவேற்றின. ஒருவர் மற்றவருக்கு எழுதும் கடிதத்தை அரசு எளிதில் பிரிக்கலாமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையொப்பமிடவுமில்லை, அதனைத் திருப்பவுமில்லை. 1987இல் அவர் பதவிக்காலம் முடிந்தது. அவருக்குப் பின் வந்தவர், தஞ்சை மாவட்டத்து இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். அவர் 1990இல் அதனை மறு ஆலோசனைக்கு அனுப்பினார். 2002இல் அம்மசோதா திரும்பப் பெறப்பட்டது.

திருப்பி அனுப்பும் வழியின் எல்லையை 2006இல் கண்டோம். ஆதாயப் பதவி பற்றிய மசோதாவை அப்துல் கலாம் திருப்பினார். பாராளுமன்றம் அதனை மாற்றமின்றி மீண்டும் நிறைவேற்றியது. அவரும் ஒப்புதல் அளித்தார்.

இவ்விரண்டில் எது மேலானது? திருப்பி அனுப்புதல் வெளிப்படையானது. இறுதிச் சொல்லை மக்களின் பிரதிநிதிகளிடமே விடுகிறது. மௌனமாக வைத்திருத்தல் அன்று கடிதங்களின் மறைவைக் காத்தது உண்மையே. ஆயினும் அதே மௌனம் நாளை ஒரு நல்ல சட்டத்தையும் முடக்கக்கூடும் அன்றோ?

இன்னொன்றும் நினைவிற் கொள்க. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சல் சட்டமும் இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்குகிறது. அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் உண்டு. ஆகவே, உரிமைக்கு ஒருவர் பேனா மட்டும் காவலாகாது. மசோதாக்கள் அவையில் இருக்கும்போதே அவற்றைப் படித்து வினவும் குடிமக்களே நிலையான காவல். அக்குடிமக்களாக வளரவேண்டியவர்கள் நீங்கள்.