பேஜ்மேக்கர் ஏழில் நின்ற தெரு

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைச் சந்துகளில் டிடிபி வேலை பார்த்தவர்களுக்கு மென்பொருளின் பெயரைவிட அதன் எண்தான் முக்கியம். “ஃபைல் இருக்கு, திருத்தம் மட்டும் போடணும்” என்று ஒருவர் வந்து நின்றால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஆறரையா, ஏழா?” ஆறரை என்றால் 1996-இல் வந்த பேஜ்மேக்கர் 6.5. ஏழு என்றால் 2001-இல் வந்த 7.0. அடுத்த கேள்வி, “என்ன ஃபாண்ட்?” இரண்டுக்கும் பதில் தெரியாத ஃபைலைக் கையால் தொடமாட்டோம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1998-இல். அதற்குப் பிறகு உலகம் எத்தனையோ பதிப்புகள் ஏறிப் போய்விட்டது. எங்கள் தெரு ஏழிலேயே நின்றுவிட்டது. இதைச் சோம்பல் என்றும், திருட்டு சிடி செய்த வேலை என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். திருட்டு சிடி இருந்தது உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கி வேலை செய்த அச்சகங்களும் அதே ஏழில்தான் நின்றன. காரணம் வேறு.

பேஜ்மேக்கருக்குத் தமிழ் தெரியாது. ஓர் எழுத்துருவில் இருக்கும் 256 இடங்களில் ஆங்கிலத்துக்கும் ஐரோப்பியக் குறிகளுக்கும் உரிய இடங்களைப் பிடித்து அங்கே தமிழ் வடிவங்களை உட்காரவைத்துத்தான் நாங்கள் தமிழ் அடித்தோம். ஸ்ரீலிபி எழுத்துரு ஒரு மாதிரி அடுக்கியது, பாமினி இன்னொரு மாதிரி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளைத் தரமாக முன்வைத்தது. இணையத்தில் எழுதியவர்கள் டிஸ்கி என்ற இன்னொரு குறியீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த டிஸ்கியில் ‘இ’ 173-ஆம் இடத்தில் இருந்தது. கணினி உலகத்தில் அந்த இடம் வரி ஒடியும்போது மட்டும் தெரியவேண்டிய இணைப்புக்கோட்டுக்கு உரியது. அந்த வழக்கத்தை மதித்த மென்பொருள்களில் ‘இ’ கண்ணுக்குத் தெரியாமல் போனது. அதற்காகவே டிஸ்கியின் 1.7-ஆம் பதிப்பில் ‘இ’க்கு 254-ஆம் இடத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மென்பொருளை எழுதியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. விதியைத்தான் ஒழுங்காகப் பின்பற்றினார். நாங்களோ அந்த விதி மீறப்பட்டிருந்த இடத்தில் குடியிருந்தோம். அடுத்த பதிப்பு இன்னும் ஒழுங்காக இருக்கும் என்ற செய்தியைக் கேட்டால் எங்களுக்குப் பயம் வந்தது இதனால்தான்.

எழுத்து தப்பினாலும் வரி தப்பவேண்டும். ஒரு சித்த மருத்துவ நூலை நான் பல பதிப்புகளுக்குத் திருத்தியிருக்கிறேன். மூலப் பாடல், உரை, கடைசியில் நாற்பது பக்கத்துக்குப் பொருளடைவு. பேஜ்மேக்கரில் அடைவு தயாரிக்கும் வசதி உண்டு. ஆனால் அது எழுத்துகளை ஆங்கில இடவரிசைப்படி அடுக்கும்; ‘அ’ எங்கோ போய் நிற்கும். அதனால் ஆசிரியரே துண்டுச்சீட்டில் சொல்லும் பக்க எண்ணும் எழுதி, அகர வரிசைப்படுத்திக் கொடுத்தார். மென்பொருளின் புதிய பதிப்பில் சொல் இடைவெளி ஒரு மயிரிழை மாறினால் போதும், ஒரு வரி ஓடும். வரி ஓடினால் பத்தி ஓடும். பத்தி ஓடினால் அந்த நாற்பது பக்கமும் பொய்யாகிவிடும். அவர் மறைந்துவிட்டார். மறுபடி துண்டுச்சீட்டு எழுத யார் இருக்கிறார்கள்?

அடோபி 1994-இல் ஆல்டஸ் நிறுவனத்தை வாங்கியபோது பேஜ்மேக்கரும் அதன் கைக்கு வந்தது. 1999-இல் அடோபியின் சொந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் வெளியானது. 2004-இல், பேஜ்மேக்கரை இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். எல்லாரும் இன்டிசைனுக்கு வாருங்கள் என்று அழைப்பு வந்தது. ஆனால் பெட்டியில் வந்த சாதாரண இன்டிசைன் யூனிகோடு தமிழைச் சரியாகக் கோத்தது 2012-இல் சிஎஸ்6 வந்தபோதுதான். மறுபுறம், பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும் வசதி சிஎஸ்6-ஓடு முடிந்தது. 2013 மே மாதம் அடோபி இனி சந்தா மட்டுமே என்று சொல்லி கிரியேட்டிவ் கிளவுடுக்குப் போனது. அதன் இன்டிசைன் பேஜ்மேக்கரைத் திறக்காது. ஆக, பழைய ஃபைலையும் திறந்து, புதிய தமிழையும் கோக்கத் தெரிந்த பதிப்பு சிஎஸ்6 ஒன்றுதான். எங்கள் தெருவில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இது.

இதெல்லாம் நாமாகப் பார்த்து ஏறும் பதிப்புகளின் கதை. தானாக வந்து இறங்கும் அப்டேட்டின் வரலாறு வேறு. விண்டோஸ் 98 காலத்தில் அதை நாம் தேடிப் போகவேண்டியிருந்தது. கடைகளில் இணையமே கிடையாது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கணினிப் புழு பரவியது. அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பை (பேட்ச்) மைக்ரோசாஃப்ட் ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது, பலர் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2, தானியங்கி அப்டேட்டை ஆன் செய்துகொள்ளும்படி எல்லாரிடமும் கேட்டது.

அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது. ஓட்டையை அடைப்பது ஒரு வேலை, வீட்டை இடித்துக் கட்டுவது வேறு வேலை. அடைப்பு தானாக வரும், ஆனால் எக்ஸ்பி எக்ஸ்பியாகவே இருக்கும். 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 வரை அடைப்பு கிடைத்தது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 இரண்டையும் ஒன்றாகக் கலந்தது. வீட்டுப் பதிப்பு வைத்திருந்தவர் புதிய பதிப்பை வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. 2018 அக்டோபர் அப்டேட்டில் சிலருடைய ஆவணங்களே அழிந்ததால், அதை நிறுத்திவைத்தார்கள். 2019 மே மாதப் பதிப்பில்தான் வீட்டுக்காரருக்கும் 35 நாள்வரை தள்ளிப்போடும் உரிமை வந்தது. அடைப்பையும் பதிப்பையும் பிரித்துக் கொடுக்க முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2011-இல் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என்று ஓட ஆரம்பித்தது. நிறுவனங்கள் முறையிட்டதும், 2012 ஜனவரியில், பாதுகாப்பு அடைப்பு மட்டும் வந்துகொண்டிருக்கும் நீண்ட காலப் பதிப்பைத் தனியாக அறிவித்தது.

எங்கள் தெருவின் பிடிவாதத்துக்கும் விலை இருந்தது, அதையும் சொல்லவேண்டும். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டால் பேஜ்மேக்கர் மெஷினுக்கு ஆபத்தில்லை என்று நம்பினோம். கம்பி இல்லாத இடத்தில் பென்டிரைவ் வந்தது. செருகியதும் தானே ஓடும் வைரஸ்கள் அச்சகத்திலிருந்து டிடிபிக்கும், டிடிபியிலிருந்து பதிப்பகத்துக்கும் போய்வந்தன. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அந்தத் தானோட்டத்தை எக்ஸ்பியில் நிறுத்தும் அடைப்பைத் தானியங்கி வழியாகவே அனுப்பியது. கம்பி பிடுங்கிய மெஷின்களுக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. 2017 மே 12-இல் வான்னாக்ரை புழு உலகத்தின் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான அடைப்பு, ஆதரவில் இருந்த விண்டோஸ்களுக்கு, மார்ச் 14-ஆம் தேதியிலிருந்தே கிடைத்துக்கொண்டிருந்தது. அடைப்பை மறுக்க எங்களுக்கு எந்த நியாயமும் இல்லை. பதிப்பை மறுக்க இருந்தது.

சந்தா மென்பொருளில் வேலை செய்யும் இளையவர்களிடம் நான் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் கேட்கிறேன். ஒரு புத்தகம் பாதியில் இருக்கும்போது அடுத்த ஆண்டின் பெரிய பதிப்புக்கு அதை மாற்றாதீர்கள்; முடிந்த புத்தகத்தை எழுத்துருவோடு சேர்த்துக் கட்டி, எந்தப் பதிப்பில் செய்தது என்பதை ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவையுங்கள். 2023 ஜனவரியில் அடோபி டைப்1 எழுத்துருக்களுக்கான ஆதரவையும் விட்டுவிட்டது. பழைய புத்தகத்தைத் திறந்தால் எழுத்துரு இல்லை என்று வரும்.

பதிப்பகங்களின் பரணில் பிஎம்டி ஃபைல்கள் உள்ள சிடிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை முதலில் பழைய மெஷினில், அதே பேஜ்மேக்கரில், அதே ஃபாண்டோடு திறந்து, எழுத்துரு பதிந்த பிடிஎஃப் ஒன்று எடுத்துவிடுங்கள். வரியும் பக்கமும் அதில் நிலைத்துவிடும். பிறகு உரையை மட்டும் வெளியே எடுத்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் யூனிகோடாக்கி, அந்தப் பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக மெய்ப்புப் பாருங்கள். ‘இ’ இருக்கிறதா என்று தனியாக ஒருமுறை பாருங்கள்.