முக்கொம்பும் பேய்ச் சிலந்தியும்

முக்கொம்பு போனவங்களுக்குத் தெரியும். ஒரே காவிரி அங்க ரெண்டாப் பிரியுது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம். கீழே எங்கேயோ நின்னு தண்ணியை மட்டும் பார்த்தா எது எந்த ஆறுன்னு சொல்ல முடியாது. பிரிஞ்ச இடம் தெரியணும். சிலந்திகளை வகைப்படுத்துறதும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

'பேய்ச் சிலந்தி'ன்னு ஒரு குடும்பம் இருக்கு, அனிஃபீனிடே. பேரைக் கேட்டு பயந்துடாதீங்க :) வெளிறின நிறத்துக்காக வந்த பேர். 600க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில். வலை பின்னிக் காத்திருக்காது. ராத்திரியில இலைகள் மேல ஓடி வேட்டையாடும். சிக்கல் என்னன்னா, பைச் சிலந்திகளும் (குளுபியோனிடே) பார்க்க இதே மாதிரிதான் இருக்கும்.

1878ல் ஃபிலிப் பெர்ட்காவ் என்ற ஜெர்மானியர் இதைத் தனிக் குடும்பமாப் பிரிச்சார். காரணம் மூச்சுத் துளை. பெரும்பாலான சிலந்திகளுக்கு அது வயித்தோட கடைசியில, நூல் சுரக்கும் உறுப்புக்குப் பக்கத்துலயே இருக்கும். பேய்ச் சிலந்திக்கு ரொம்ப முன்னாடி தள்ளி இருக்கும். ஆனா 1889ல் இந்தியாவிலிருந்து அனிஃபீனா சோரிசினாவை விவரிச்ச பிரெஞ்சுக்காரர் யூஜின் சிமோன், 1897ல் இவற்றைத் திரும்பவும் பைச் சிலந்திக் குடும்பத்துக்குள்ளயே வச்சுட்டார். சென்னை அருங்காட்சியகத் தலைவரா இருந்த கிரேவ்லி, 1931ல் இந்தியப் பைச் சிலந்திகள் பற்றியும் விரிவா எழுதினார். பேய்ச் சிலந்திகள் பிறகு மறுபடியும் தனிக் குடும்பமாச்சு.

நம்ம நெல் வயல்கள்ல திரியற வெளிர்மஞ்சள் கைராகாந்தியம் சிலந்தியும் இப்படித்தான். முதல்ல குளுபியோனிடே, அப்புறம் மிடுர்கிடே, இப்போ கைராகாந்தியிடே. சிலந்தி வயலை விட்டு நகரவே இல்லை, நாமதான் வீட்டை மாத்திக்கிட்டே இருக்கோம்.

பேர்ல என்ன இருக்குன்னு கேட்கலாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடத்துல 9 மதகு அடிச்சுட்டுப் போச்சு. மொத்தம் 45ன்னு கணக்கு இருந்ததாலதான் 9 போச்சுன்னு சொல்ல முடிஞ்சுது. கரையோரச் சிலந்திகளுக்கு அப்படி ஒரு கணக்கு வேணாமா? வெளிறினதையெல்லாம் 'பேய்'னு எழுதி வச்சா, நாளைக்கு எது காணாமப் போச்சுன்னே தெரியாது.

மொபைல்ல மேலிருந்து எடுத்த படத்துல மூச்சுத் துளை தெரியாது. அதனால அடுத்த தடவை வெளிறின சிலந்தி ஒண்ணு கிடைச்சா, கண்ணாடிக் குப்பியில விட்டு, வயித்துப் பக்கமும் ஒரு க்ளோசப் எடுங்க. தேதியும் இடமும் குறிச்சுக்கிட்டு, பிடிச்ச இலையிலயே திரும்ப விட்டுடுங்க.