ஆண்டுக் கணக்கை மாற்றிய மன்னர்

கோப்புகளில் நாளிட்டே காலம் கழிக்கும் எழுத்தர் இனத்தவர் நாம். நாளும் கிழமையும் ஆட்சியாளர் விருப்பத்திற்கு மாறுவன அல்ல என்றே நம்பியிருக்கிறோம். ஈரான் நாட்டு எழுத்தர்களோ 1976 மார்ச்சில் அதையும் கண்டனர். நவ்ரூஸ் புத்தாண்டு முதல் 1355 என்று எழுத வேண்டியவர்கள், 2535 என்று எழுதப் பணிக்கப்பட்டனர். நபிகள் நாயகம் மதீனாவுக்குப் பெயர்ந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட கணக்கு போயிற்று. பேரரசர் சைரஸின் பெயரால் புதுக்கணக்கு வந்தது.

மன்னர் முகம்மது ரெசாவின் குலம் பழமையானதன்று. தந்தை கோசாக் படைப்பிரிவில் சிப்பாயாகச் சேர்ந்து, 1925-இல் அரசரானவர். நாட்டின் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக், 1953-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகளின் துணையோடு கவிழ்க்கப்பட்ட பின்னரே மகனின் பிடி இறுகிற்று. அத்தகையவருக்குச் சைரஸ் தேவைப்பட்டார்.

1971 அக்டோபரில் முடியாட்சியின் 2500-ஆம் ஆண்டு விழா நடந்தது. சைரஸின் கல்லறை முன் நின்று மன்னர் உரையாற்றினார். பெர்செபோலிஸ் இடிபாடுகளின் அருகே கூடார நகரம் எழுந்தது. பாரிஸ் மாநகரின் மாக்சிம் உணவகத்தார் விருந்து சமைத்தனர். நம் குடியரசுத் தலைவர் வி.வி.கிரியும் சென்றிருந்தார். பழம்பெருமை கேட்டுக் கைதட்டும் வழக்கம் நமக்கும் உண்டாதலின், விழாவை நாம் ஏளனம் செய்யவில்லை. சைரஸ் ஈரானியர் அனைவருக்கும் உரிய பெருமைதான்.

ஆயினும் கூட்டல் கழித்தல் நம் பிழைப்பு. 1971-இல் 2500 நிறைந்ததென்றால் 1976-இல் 2505 அன்றோ வரவேண்டும்? முப்பது ஆண்டுகள் எங்கிருந்து முளைத்தன? விடை எளிது. புதுக்கணக்கில் 2500 என்பது 1941-ஆம் ஆண்டு. முகம்மது ரெசா அரியணை ஏறிய ஆண்டும் அதுவே! ஐந்தாண்டுக்கு முன் தாமே எடுத்த விழாவின் கணக்கையும் புறந்தள்ளி, சைரஸின் நெடுங்காலம் தம் பட்டமேற்பில் வந்து நிறையுமாறு மன்னர் அமைத்துக்கொண்டார். இதனைக் கேட்பார் இல்லை. 1975 முதல் ரஸ்தாகீஸ் என்னும் ஒரே கட்சிக்குத்தான் அங்கே இடம்.

மதத் தலைவர்களுக்கும் கடைத்தெரு வணிகர்களுக்கும் இம்மாற்றம் ஆறாப் புண்ணாயிற்று. 1978-இல் தெருவெங்கும் கிளர்ச்சி மூண்டபோது, ஆகஸ்டு இறுதியில் பதவியேற்ற புதிய பிரதமர் பழைய கணக்கையே மீட்டார். 2537 என்று எழுதிவந்த எழுத்தர்கள் ஆண்டின் நடுவிலேயே 1357-க்குத் திரும்பினர்.

1979 ஜனவரி 16 அன்று மன்னர் நாட்டைவிட்டு வெளியேறினார். அந்நாட்டுக் கணக்கில் அது 1357-ஆம் ஆண்டு.