தலைக்கவசம் இல்லாதவரின் நட்டஈடு: மலையக விபத்துக் கோரிக்கைகளில் கழிக்கத்தக்கது எது?

மோட்டார் சைக்கிளில் வந்தவரை லொறியோ பஸ்ஸோ மோதிவிட்டது. அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. நட்டஈட்டுப் பேச்சு தொடங்கியதும் எதிர்த்தரப்பு இந்த இரண்டாவது செய்தியைத்தான் முன்னே வைக்கும். “ஹெல்மட் போடலையே, கேஸ் நிக்காது” என்று லயத்து வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவோரும் உண்டு. பாதிக்கப்பட்டவரும் அதை நம்பிவிடுகிறார். இலங்கைச் சட்டத்தில் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. தலைக்கவசம் அணியாமை நட்டஈட்டைக் குறைக்கலாம். ஆனால் எந்தக் காயத்தை அது தடுத்திருக்கும் என்று எதிராளி நிரூபிக்க வேண்டும். கழிவும் அந்தக் காயத்தின் அளவோடு நிற்க வேண்டும். ஹட்டன், நுவரெலியா பகுதிகளில் இந்த எல்லை நீதிமன்றத்துக்கு வெகு முன்னரே தாண்டப்பட்டுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் சட்டம். இலங்கையின் தீங்கியல் சட்டம் ரோம-டச்சு மரபில் வந்தது. காயப்பட்டவரின் கவனயீனமும் சேர்ந்திருந்தால் கோரிக்கை முழுவதுமே விழுந்துவிடும் நிலை ஒரு காலத்தில் இருந்தது. பங்களிப்புக் கவனயீனமும் கூட்டுத் தீங்கிழைப்போரும் பற்றிய 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. இங்கிலாந்து 1945இலும் தென்னாபிரிக்கா 1956இலும் இதே திருத்தத்தைச் செய்திருந்தன. இம்மூன்று நாட்டுச் சட்டங்களின்படியும் பொறுப்பு பங்கிடப்படுவது ஏற்பட்ட சேதத்துக்காக. விபத்துக்கு யார் காரணம் என்ற கேள்வி அதிலிருந்து வேறானது. வளைவில் எதிர்ப்பக்கம் ஏறி வந்த லொறிக்கும் பைக் ஓட்டியவரின் வெறுந்தலைக்கும் விபத்தளவில் தொடர்பே இல்லை. தொடர்பு இருக்குமானால் அது காயத்தோடுதான்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியவை இங்கிலாந்துத் தீர்ப்புகள். அவை நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா, ஆயினும் வழிகாட்டத்தக்கவை. 1971இல் ஓகொனல் எதிர் ஜாக்சன் வழக்கில், தலைக்கவசமின்றி மொபெட் ஓட்டியவரின் நட்டஈட்டில் 15 சதவீதம் குறைக்கப்பட்டது. அப்போது அந்நாட்டில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே சட்டமீறல் வேறு, தன் பாதுகாப்பில் காட்டிய கவனயீனம் வேறு. 1975இல் ஃபுரூம் எதிர் பட்சர் என்ற ஆசனப்பட்டி வழக்கில் டெனிங் பிரபு அளவுகோல் ஒன்றை வகுத்தார்: காயம் முற்றாகத் தவிர்ந்திருக்குமெனில் 25 சதவீதம், கணிசமாகக் குறைந்திருக்குமெனில் 15, வித்தியாசமே இராதெனில் ஒன்றுமில்லை. நம் விவாதங்களில் இந்த மூன்றாவது வகையை யாரும் நினைவூட்டுவதில்லை. அவ்வழக்கில் வாதியின் தலையும் மார்பும் பட்டியால் தப்பியிருக்கும், விரல் எப்படியும் முறிந்திருக்கும் என்று கண்டதால், கழிவு 25க்குப் போகாமல் 20 சதவீதத்தில் நின்றது. ஒரு விரலுக்குக் கூட அங்கே கணக்குப் பார்த்தார்கள்.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2020இல் முகமது சித்திக் வழக்கில் இதே திசையில் சென்றது. ஒரே மோட்டார் சைக்கிளில் மூவர் சென்றது சட்டமீறலாக இருக்கலாம். விபத்தோடோ அதன் விளைவோடோ காரணத் தொடர்பு காட்டப்படாவிட்டால் அது மட்டும் பங்களிப்புக் கவனயீனம் ஆகாது என்று கூறி, உயர் நீதிமன்றம் செய்திருந்த 10 சதவீதக் கழிவை நீக்கியது.

எதிர்வாதம் வலுவற்றதல்ல. தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது 2008ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வின் முடிவு. சிவில் வழக்கில் நிகழ்தகவுச் சமநிலையே போதும்; 69 பாதிக்கு மேல்தானே என்று காப்புறுதிச் சட்டத்தரணி கேட்கலாம். கேட்கட்டும். ஆனால் அந்த எண் பலவகை மோதல்களைத் திரட்டிப் பெற்ற சராசரி. குறித்த ஒருவரின் மண்டையோடு எந்த இடத்தில், எதில் மோதி உடைந்தது என்று அது சொல்லாது. முகக் காயம், கழுத்துக் காயம் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்று அதே மீளாய்வு கூறுகிறது. தேயிலை மலையின் பாதையோரச் சரிவில் உருண்டவருக்குத் தொடையெலும்பும் முள்ளந்தண்டும் முறிந்திருந்தால் ஹெல்மட் பேச்சுக்கே அங்கு இடமில்லை. தலையிலும் அடி இருந்தால் மருத்துவர் சாட்சியம் சொல்ல வேண்டும். அவரை அழைப்பிக்கும் சுமை கழிவு கேட்பவருடையது.

நடப்பில் இந்தச் சுமை யார் தோளில் ஏறுகிறது? விபத்தன்று இரவே பொலிஸ் முறைப்பாடு எழுதப்படுகிறது, பெரும்பாலும் சிங்களத்தில். தலைக்கவசம் இல்லை என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். லொறி எந்தப் பக்கம் வந்தது என்ற வரி அவ்வளவு துலக்கமாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. வாசித்துக் காட்டாத தாளில் உறவினர் ஒப்பமிடுகிறார். காயப்பட்டவர் டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ முதற்சிகிச்சை பெற்று, தலையில் பலத்த அடியென்றால் கண்டிக்கு மாற்றப்படுகிறார். காயங்களைப் பிரித்துக் காட்டும் மருத்துவப் பதிவுகள் இரண்டு வைத்தியசாலைகளில் சிதறிவிடுகின்றன. தலைக்கவசம் அணியாததற்கு நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினால், முழுத் தவறும் தன்னுடையது என்றாகிவிட்டதாக அவரே எண்ணிக்கொள்கிறார். காலமும் காத்திருக்காது. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி தீங்கியல் வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும்.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, தமிழில் வழக்காடவும் உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் பெறவும் உரிமை தருகிறது. முறைப்பாட்டுப் புத்தகம் எழுதப்படும் மேசை நீதிமன்றமல்ல; அந்த உரிமை அங்கே எட்டுவதில்லை. அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் தமிழை நாடெங்கும் நீதிமன்ற மொழியாக்கியதைப் பாராட்டுவோர் இந்த மேசையையும் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம்.

தொகை சிறிதென்று தள்ளிவிட முடியாது. பத்து லட்சம் ரூபாய் நட்டஈட்டில் 15 சதவீதம் ஒன்றரை லட்சம். 2024இல் நிர்ணயமான 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் அது 111 நாள் முழுப்பேர் (முழுநாள் சம்பள) வேலை. கொழுந்து குறைந்த மாதங்களில் அரைப்பேர் விழும் நாட்களைச் சேர்த்தால் இன்னும் நீளும். காயத்தைப் பிரித்துப் பார்க்காமல் மொத்தத் தொகையில் சதவீதம் போடும்போது, தலையில் கீறலும் காலில் முறிவும் பட்டவர் காலுக்கான பணத்தையும் சேர்த்து இழக்கிறார். இங்கே நீதிமன்றம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. வழக்கின் எழுவினாக்களை வகுக்கும்போதே, வாதி கவனயீனமாக இருந்தாரா என்று பொதுவில் நிறுத்திவிடாமல், தலைக்கவசத்தால் தவிர்ந்திருக்கக்கூடிய காயம் எது, அதற்குரிய நட்டஈடு எவ்வளவு என்று தனித்தனி வினாக்களாக எழுதலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.

பின்னிருக்கையில் பிள்ளை இருந்தால் சிக்கல் வேறு. காலையில் பாடசாலைக்குத் தகப்பனின் முதுகைப் பற்றிக்கொண்டு போகும் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொந்தக் கவனயீனம் என்று எதையும் சுமத்த முடியாது. தகப்பனின் தவறைப் பிள்ளையின் கணக்கில் எழுதவும் கூடாது. ஆகவே பிள்ளையின் கோரிக்கையில் கழிவுக்கு இடமில்லை. ஆனால் 1968ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுத் தீங்கிழைப்போரையும் பற்றியது. பிள்ளைக்குத் தலைக்கவசம் அணிவிக்காத தகப்பனும் ஒரு தீங்கிழைப்பவரே என்று லொறித் தரப்பு அவரிடம் பங்களிப்புக் கோர முற்படலாம். அது ஏற்கப்பட்டால், பிள்ளைக்குத் தீர்ப்பான பணத்தின் ஒரு பகுதி, அதே லயக் காம்பராவிலிருந்து எதிராளிக்குத் திரும்பிப் போகும். இந்தக் கோரிக்கைக்கும் அதே சோதனைதான் பொருந்த வேண்டும்: எந்தக் காயம், எவ்வளவு, யார் நிரூபித்தார்?