இந்தியத் தந்தியின் தொடக்கமும் ஓஷாக்னெசியும்

இந்தியாவில் மின்தந்தியின் வரலாறு பெரும்பாலும் டல்ஹௌசியின் ஆட்சிக்காலத்திலிருந்தே (1848–1856) எழுதப்பெறுகிறது. ஆயினும் அதற்கான முதன்மைச் சோதனை 1839இலேயே கல்கத்தாவை அடுத்து நடைபெற்றுவிட்டது. அதனை நிகழ்த்தியவர் பொறியாளர் அல்லர். மருத்துவர் ஒருவர் என்பது கருதத்தக்கது.

அயர்லாந்தின் லிமரிக் நகரில் 1809இல் பிறந்த வில்லியம் புரூக் ஓஷாக்னெசி, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1833இல் கிழக்கிந்தியக் கும்பினியின் பணியில் சேர்ந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த காலத்தில், மூங்கில் கம்பங்களை வரிசையாக நட்டு, அவற்றின்மீது இரும்புக் கம்பியைப் பலமுறை முன்னும் பின்னுமாக இழுத்து, 21 மைல் நீளமுள்ள மின்சுற்று ஒன்றை அமைத்தார். அதில் 7,000 அடி ஹூக்ளி ஆற்றின் வழியே அமைந்தது. மறுமுனையில் இருப்பவர் விரலில் மெல்லிய மின்னதிர்ச்சியை உணர்வார். அவ்வேளையில் கடிகார முள் சுட்டும் எழுத்தே செய்தியின் எழுத்தாகும்.

உலகில் முதன்முதலாக அமைந்த நெடுந்தொலைவுத் தந்தித் தடம் தம்முடையதே என அவர் பின்னர் உரிமை கொண்டாடினார். இதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பாடிங்டனுக்கும் வெஸ்ட் டிரேட்டனுக்கும் இடையே குக், வீட்ஸ்டன் ஆகியோர் நிறுவிய தடம் 13 மைலே ஆயினும், இருவேறு ஊர்களை உண்மையாகவே இணைத்தது. கல்கத்தாத் தடமோ ஓரிடத்திலேயே மடித்து விரிக்கப்பட்ட சோதனை. எனவே அவருடைய பெருமையை முந்துரிமையில் தேடுவதினும், அயல்நாட்டுக் கருவியை இந்நாட்டுச் சூழலுக்கு இசைவித்ததில் தேடுவதே பொருந்தும்.

கும்பினி அச்சோதனையைப் பொருட்படுத்தவில்லை. பத்தாண்டுக்கு மேல் கழிந்தபின், டல்ஹௌசியின் ஆதரவால் கல்கத்தா – டைமண்ட் ஹார்பர் தடம் 1851இல் இயங்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் வழங்கிய மெல்லிய கம்பிக்கு மாறாக, அங்குல விட்டத்தில் எட்டில் மூன்று பங்கு பருமனுள்ள இரும்புத் தண்டையே ஓஷாக்னெசி தேர்ந்தார். சூறைக்காற்று, குரங்குகள், பெரும் பறவைகள் ஆகியவற்றைத் தாங்க மெல்லிய கம்பியால் இயலாது என்பது அவர் கண்ட முடிவு. நிலத்தடியில் செல்லும் தண்டிற்கு உருக்கிய கீலில் தோய்த்த சென்னைத் துணி இருமடி சுற்றப்பட்டது. அதனைக் கூரை ஓடுகளில் கிடத்தி மணலும் குங்கிலியமும் உருக்கி ஊற்றினர். காப்புப் பொருள்கள் யாவும் இந்நாட்டுக் கடைத்தெருவில் கிடைத்தவையே.

இப்பணியில் அவருக்குத் துணைநின்ற சிப் சந்திர நந்தி, கல்கத்தா நாணயச்சாலை ஊழியர். டைமண்ட் ஹார்பரிலிருந்து முதற்செய்தியை அனுப்பியவர் அவரே. பின்னாளில் மீன்பிடி தோணிகளைக் கொண்டே பத்மா ஆற்றின் குறுக்கே கம்பிவடம் இட்டவரும் அவரே. தந்தி வரலாற்று நூல்கள் இவருக்கு ஒதுக்கும் இடம் ஓரிரு வரிகளே.

1853 நவம்பரில் தொடங்கிய ஆக்ராத் தடம் சுமார் 800 மைல் கடந்து 1854 மார்ச்சில் ஆக்ராவை எட்டியது. 1855இல் பொதுமக்களுக்குத் தந்தி திறந்துவிடப்பட்டபோது பம்பாயும் சென்னையும் அத்தொடரில் இணைந்திருந்தன. ஓஷாக்னெசி தாமே வடிவமைத்த ஊசிக் கருவி மட்டும் நிலைக்கவில்லை. 1857இல் அதனிடத்தை மோர்ஸ் கருவி பெற்றது.